பதினோரு பேரின் தாகம்

காலை ஒன்பதேகாலுக்குள் துளசிமணி மூன்றாவது சொம்பைக் காலி செய்திருந்தாள்.

மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் மாடி ஹாலில் அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். பதினோரு பேரும் குடித்தார்கள். துளசிமணி குடித்த குடியில் சிறுவாணி அணை ஓரடி இறங்கியிருக்கும்.

ஆறு வருடமாக அந்த மாடியில் சாயங்காலம்வரை யாரும் தண்ணீரைத் தொட்டதில்லை.

கழிப்பறை கீழே. முப்பத்திரண்டு படி இறங்கி, முதலாளி அறையைத் தாண்டி, லாரியில் சரக்கேற்றும் ஆண்களுக்கு நடுவே புகுந்து போகவேண்டும். போகுமுன் நோட்டில் பெயர், நேரம், கையெழுத்து.

போன வாரம் டாக்டர் அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். சிறுநீரகத்தில் கல். தண்ணீர் குடி, இல்லையென்றால் வேலையை விடு.

வேலையை விடமுடியாது. மாடியிலேயே ஒரு கழிப்பறை கேட்டு மனு எழுதினாள்.

முதலாளி நாச்சிமுத்து நேற்று அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதானம்மா போறீங்க. இதுக்குப் போயி ஒரு கட்டடச் செலவு நியாயமா, நீயே சொல்லு.”

அவள் வாயால் சொல்லவில்லை.

இன்று ஒன்பதரைக்கு முதல் ஆள் இறங்கினாள்.

அப்புறம் ஓயவேயில்லை.

தைப்பூசத்தன்று மருதமலைப் படிகூட இத்தனை கால்களைக் கண்டிருக்காது. போகிறவர்கள் வருகிறவர்களுக்கு வழிவிட்டார்கள். வந்தவர்கள் மறுபடி சொம்பைத் தூக்கினார்கள். பத்தரைக்குள் நோட்டில் நான்கு பக்கம் தீர்ந்தது. சூப்பர்வைசரின் பேனா உயிரை விட்டது. லாரிக்காரர்கள் போகிறவர்களை எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

பதினொரு மணிக்கு மாடியில் ஒரு மிஷின்கூடச் சுற்றவில்லை.

அந்த அமைதி முதலாளியை அறையிலிருந்து வெளியே இழுத்து வந்தது.

“ஏம்மா, எல்லாருக்கும் வயித்துக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?”

“இல்லீங் சார். தண்ணி குடிச்சோமுங்க” என்றாள் துளசிமணி.

அவர் நோட்டைக் கேட்டு வாங்கினார்.

இன்றைய பக்கங்களைப் பார்க்கவில்லை. பின்னோக்கிப் புரட்டினார்.

ஒரு தடவை. ஒரு தடவை.

சித்திரை வெயிலிலும் ஒரு தடவை.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் கொத்தனார் டேப்போடு மாடியேறினார். கூடவே முதலாளியும். கிழக்கு மூலையை அளந்தார்கள். சுவரில் சாக்பீஸ் கோடு விழுந்தது.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“ஒண்ணு போதுமா, ரெண்டாக் கட்டிரலாமா?”

அவள் எழுந்தாள். சேலையை உதறிவிட்டுக்கொண்டாள்.

“இருங்க சார். போயிட்டு வந்து சொல்றனுங்க.”

முப்பத்திரண்டு படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கினாள். அவசரமே படவில்லை.

மாடியில் நாச்சிமுத்து காத்துக்கொண்டு நின்றார்.