மலை பிரமாதம்

சென்னையில் ஏசி அறையில் சாய்ந்திருந்த ரங்கபாஷ்யம் சாருக்காக, எவரெஸ்ட் அடிவார முகாம்வரை அருளப்பன் நடந்துவிட்டு வந்தான். வழக்கம்போல, பன்னிரண்டு நாள் நினைவையும் அவன் தலையிலிருந்து கழற்றி அவர் தலையில் மாட்டியது அவன் வேலை பார்க்கும் கம்பெனி. கால் கொப்புளங்களை மட்டும் பெருந்தன்மையாக அவனுக்கே விட்டுவிட்டது.

வீட்டில் மனைவி ஜெசிந்தா கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள்.

"எப்ப பொறந்துச்சு?" என்றான்.

"போன்ல காட்டுனேன், முகாமுல நின்னு தேம்பித் தேம்பி அழுதீங்க. அந்த ஒரு நினைவையாவது கேட்டு வாங்கிட்டு வாங்க."

கம்பெனிக்கு ஓடினான். மேலாளர் சிரித்தார்.

"சாரே அது வேண்டாம்னுட்டாரு. 'மலை பிரமாதம், நடுவுல ஏதோ குழந்தை கத்துது'ன்னு புகார்."

"அப்ப எனக்கே குடுத்துருங்க சார்."

"காலையிலயே அழிச்சுட்டோம்ப்பா. புகார்னு வந்தா நம்ம கம்பெனி ஒரு நிமிஷம் தாமதிக்காது."