திருப்பிப் போட்ட ஜாக்கெட்

குருபோங் ஊரில் அப்துல் வஹீதின் மின்சாதனக் கடைக்குள் வந்த பிறகும் ஹரிதாஸ் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. மோட்டார் சைக்கிளில் வரும்போது காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க முன்பின்னாகத் திருப்பிப் போட்டது. நெஞ்சை மூடிக் கழுத்துவரை ஏறியிருந்தது.

"வேர்த்து ஊத்துது, கழட்டுங்க லா," என்றாள் மனைவி மலர்க்கொடி.

"பரவால்ல. நீ காத்தாடியப் பாரு."

அவள் சீனாவிலிருந்து வந்த மின்விசிறியைத் தொட்டாள். "இது பாதி விலைதான்."

"நம்ம நாட்டுல செஞ்சத எடு. உள்ள முழுக்கச் செம்புக் கம்பி. பத்து வருசம் ஓடும்."

"ஒங்களுக்கு ஓவர்டைமே இல்ல. பத்து வருசத்தப் பத்திப் பேசுறீங்க. இன்னைக்கு ராத்திரி பிள்ள தூங்க வேணாமா?"

ஹரிதாஸ் பணத்தைக் கொடுத்தான். சீனப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தான். "பாய், பின்னால வழி இருக்கா?"

வஹீது பின்பக்கம் கை காட்டினார். "தெறந்துதான் கெடக்கு தம்பி. இப்பல்லாம் நெறைய பேரு அந்தப் பக்கமாத்தான் போறாங்க."

பின்சந்தில் ஒரு கார். அதே சீனப் பெட்டியைப் பின்சீட்டில் திணித்துக்கொண்டிருந்தார் ஹரிதாஸின் ஃபேக்டரி சூப்பர்வைசர் மாயாண்டி.

"நாம செய்யிற காத்தாடிய நாமளே வாங்கலன்னா ஃபேக்டரிய மூட வேண்டியதுதான்," என்று அன்று காலை கேண்டீனில் பேசியவர். முதலில் கைதட்டியவன் ஹரிதாஸ்.



காரில் வந்த மனிதர், அந்த வெயிலில், ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தார். அடியில் நெஞ்சில் கம்பெனிப் பெயர் போட்ட சட்டைதான் இருக்கும், ஹரிதாசுக்கு இருப்பதைப் போலவே.