ஐந்தாவது இன்ஜெக்டர்

அவள் நான்காவது குழாயின் நட்டில் ஸ்பேனரை மாட்டிக் கால் சுற்று தளர்த்தினாள். டீசல் பீச்சியது. என்ஜின் சத்தம் தொய்ந்தது.

தளர்த்தியதும் சத்தம் தொய்கிறது என்றால், நான்காவது நன்றாகத்தான் வேலை செய்கிறது. நட்டை மறுபடி இறுக்கினாள்.

வாசலில் நின்ற லாரி, ஜுரம் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைப் புகை. பின்னால் கூண்டு கூண்டாகக் கறிக்கோழிகள். சித்திரை வெயில் உச்சியில் நின்றது.

"சீக்கிரம் பாரு அம்மிணி. ஒண்ணொண்ணாச் செத்துட்டிருக்குது."

லாரி முதலாளி சென்னியப்பன். டிரைவர் கோயில் நோம்பிக்குப் போய்விட்டதால் அவரே ஓட்டி வந்திருந்தார். பட்டறைகளும் பூட்டிக் கிடந்தன. டீக்கடையில் யாரோ கை காட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வேப்பமரத்து வீட்டில் ஒரு பொம்பளை என்ஜின் பார்க்கும்.

யாருடைய வீடு என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த நான்கு வருடத்தில் ஒருமுறையாவது விசாரிக்க வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவளுக்கு அவரைத் தெரிந்தது.

அன்று லாரி கவிழ்ந்த பிறகு, போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "குடிச்சுட்டுத்தான் ஓட்டுனான்" என்று அவர் சொன்னபோது, அவள் சுவரோரம் நின்றிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சொல் அவளுக்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது.

அவள் கணவன் மயில்சாமி ஒரு நாளும் குடித்தவனில்லை.

இப்போது ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் கிடந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. காது மட்டும் பழைய காது. வாசலுக்கு வரும் வண்டிகளை அவன் படுத்தபடியே கேட்டுச் சொல்வான். அவள் கை செய்யும்.

இன்று அவன் வாயே திறக்கவில்லை. குரலை அவனும் கேட்டிருப்பான்.

ஐந்தாவது நட்டைத் தளர்த்தினாள். டீசல் பீச்சியது.

சத்தம் மாறவில்லை.

இதுதான்.

என்ஜினை நிறுத்தச் சொன்னாள். டீசலைப் பீச்சும் ஐந்தாவது இன்ஜெக்டரைக் கழற்றி எடுத்தாள். நுனித் துளைகளில் கரி அடைத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டக் கால் மணி நேரம் போதும்.

மாட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, அதை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். சுட்டது. விடவில்லை.

"என்ன அம்மிணி, உக்காந்துட்டே?"

"ஏனுங்க, கணவாய்ல உங்க வண்டி கவுந்துச்சே. அன்னிக்குக் காலையில, பிரேக்கு புடிக்கலைன்னு டிரைவர் உங்ககிட்டச் சொன்னாருங்களா, இல்லீங்களா?"

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் தெரிந்தது. அதன்மேல் அசையாத இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"அதைக் குடு. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"பாருங்க."

அவள் எழவில்லை. கையையும் திறக்கவில்லை.

கூண்டுக்குள் ஒரு கோழி கழுத்தைத் தொங்கப் போட்டது. பக்கத்துக் கோழி மூச்சுக்காக அதன் மேல் ஏறி நின்றது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். இன்னொன்று சாய்ந்தது.

"சொன்னான்." தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒரு நடை போயிட்டு வந்துரு, அப்புறம் பாத்துக்கலாம்னு நான்தான் அனுப்புனேன். அவன் குடிக்கலை."

நான்கு வருடமாக அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தைகள். கேட்டால் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள்.

அழுகை வரவில்லை. போதாது என்று மட்டும் தோன்றியது.

லாரி தெருவை அடைத்து நின்றதால் இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். நோம்பிக்கு வந்த ஒரம்பரைச் சொந்தங்கள், பால்குடம் சுமந்து திரும்பிய பெண்கள், மயில்சாமி வீட்டைத் தாண்டும்போது பார்வையைத் திருப்பிக்கொள்ளும் பக்கத்து வீட்டார். என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. கோபமே இல்லாத, மரியாதையான குரல்.

"எனக்குக் கேட்டுருச்சுங்க மொதலாளி. தெருவுக்குக் கேக்கலைங்க."

சென்னியப்பன் மெதுவாகத் தெருப்பக்கம் திரும்பினார்.

அவள் கையைத் திறந்து, புடவை நுனியால் இன்ஜெக்டரைத் துடைக்கத் தொடங்கினாள்.

அவசரமில்லாமல்.