குட்டை நம்பர்

"ஒரு காலத்துல மாடி வீட்டு விலைக்கு வித்த போன் நம்பரை, நான் ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்து வாங்கினேன்" என்றான் யான் பாய்ங்.

பெண் கேட்டு வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது? பர்மாவின் மோன்யுவா ஊர்க் காக்கைகள்கூட அன்று சிரித்திருக்கும். சிரிக்காதவர் பெண்ணின் தகப்பனார் ஊ துன் யின் ஒருவர்தான். தன் நிழல் பின்னால் வந்தாலே, 'எதுக்கு வர்றே?' என்று நின்று விசாரிக்கிற ரகம் அவர்.

"யாருகிட்ட கதை விடறே? சிம் கார்டை அரசாங்கம் மட்டுமே வித்த காலத்துல, இந்தத் தெருவுக்கே என்கிட்ட மட்டும்தான் போன். நாலு ஏக்கர் வயலை வித்து வாங்கினேன். அந்தக் குட்டை நம்பரை எவனாவது சைக்கிளுக்குக் கொடுப்பானா?"

"கொடுத்தாங்களே மாமா! வெளிநாட்டுக் கம்பெனிங்களை உள்ளே விடறாங்க, இனிமே கார்டு ரெண்டு கிண்ணம் மோஹிங்கா நூடுல்ஸ் விலைதான்னு சேதி வந்துச்சு. அன்னைக்கே யாரோ பயந்துபோய், மார்க்கெட் போன் கடையில கொடுத்துட்டுப் போயிட்டார்."

"மாமாங்கிறதெல்லாம் அப்புறம்."

"புதுக் கார்டெல்லாம் நீள நம்பர். குட்டை நம்பரைப் பார்த்தா, பரம்பரைப் பணக்காரன்னு நினைச்சுக்கிறாங்க. என் ஐஸ் கட்டி வியாபாரத்துக்கு ஆர்டர் கொட்டுது."

பேச்சுக்கு நடுவே அவன் கண் வாசலில் சாய்த்திருந்த சைக்கிளுக்குப் போய் வந்தது. மூன்றாவது தடவை.

"என்ன பார்வை? சர்க்கரைக்கு மிதிக்கணும்னு டாக்டர் சொன்னார்" என்றார் ஊ துன் யின், யாரும் கேட்காமலே.

அவர் மனைவி டோ மியா சி, ஊறவைத்த தேயிலைத் தட்டோடு வந்தாள். அதில் பெரியவர் ஒரு கிள்ளு எடுத்துவிட்டால் சம்பந்தம் உறுதியான மாதிரி. திரைக்குப் பின்னால் மகள் மா திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த நம்பரைத்தான் சொல்லேன் தம்பி, கேப்போம்" என்றாள் டோ மியா சி.

"நம்பரெல்லாம் எதுக்கு? பொய்க்காரப் பயலுக்குப் பொண்ணு கிடையாது. தட்டை உள்ளே கொண்டு போ!"

அதற்குள் யான் பாய்ங் சொல்லிவிட்டான். டோ மியா சி போட்ட சத்தத்தில் சிண்ட்வின் ஆற்றில் படகுகள் திரும்பியிருக்கும்.

"ஐயோ, இது உங்க நம்பராச்சே! மூணு வாரமா போன் ரிப்பேர்ல கிடக்குன்னீங்களே! இவன் அங்கேயிருந்து திருடியிருக்கான்!"

மா திரி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "திருடனா இருந்தா இந்தக் கல்யாணம் எனக்கே வேணாம்."



"போலீசுக்கே போலாம் மாமா, நானும் வர்றேன்" என்றான் யான் பாய்ங். "என் சைக்கிள் சீட்டுக்கு அடியில ஆணியால என் பேரைக் கீறியிருக்கேன். நம்பரைக் கொடுத்தவருக்குக் கடைக்காரர் விலையா கொடுத்தது அந்தச் சைக்கிளைத்தான். அது எந்த வீட்டுல நிக்குதோ, அந்த வீட்டுக்காரர்தான் நம்பரை வித்தவர்."

எல்லார் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. மா திரி விறுவிறுவென்று போய், சைக்கிள் சீட்டுக்கு அடியில் குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

ஊ துன் யின் கூரையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, தேயிலையில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றார்.

"பழைய சைக்கிள்னு மட்டும் சொல்லாதீங்க மாப்பிள்ளை... மணி நல்லாத்தான் அடிக்குது."