திங்கட்கிழமை வந்தால் போதும்

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அரியமுத்து என்னைப் பிடித்துக்கொண்டான். எங்கள் செந்துறைப் பையன். காலேஜில் முதல் வருஷ இடம் கிடைத்திருந்தது.

"அண்ணே, காலேஜ்ல எப்படி நடந்துக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்கண்ணே."

நான் மூன்றாம் வருஷம். பாஸ் செய்த பேப்பர்களைவிடச் சொன்ன அறிவுரைகள் அதிகம்.

"மொத பெஞ்சுல உக்காராதே, கேள்வி கேப்பாங்க. அப்புறம், புதன்கிழமை தொறக்குறாங்கன்னு ஓடி வந்துடாதே. மொத வாரம் பாடமே நடக்காது. திங்கக்கிழமை வந்தாப் போதும்."

"அப்ப நாலு நாள் களை வெட்டப் போவலாம்" என்று சந்தோஷமாகப் பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை, காலேஜ் ஆபீஸ் வாசலில் கண் கலங்கி நின்றான். முதல் நாள் வராததால் அவன் பெயரை அடித்துவிட்டு, வெயிட்டிங் லிஸ்டில் இருந்து வந்தவனைச் சேர்த்துவிட்டார்கள்.

அந்த விதி எனக்கு முன்பே தெரியும். லிஸ்டில் முதல் பெயர் என் தம்பி கொளஞ்சி என்பதும் தெரியும். புதன்கிழமை தவறாமல் வந்து நிற்கச் சொல்லி ஊருக்குக் கார்டு போட்டதே நான்தான். அரியமுத்துவின் இடம் பறிபோவதைப் பார்க்க மனசில்லாமல், அந்த வாரம் முழுக்கத் திருமானூர் அத்தை வீட்டில் காய்ச்சல் என்று படுத்துக்கிடந்தேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிருங்கண்ணே. எனக்குப் போனது போவட்டும். புதன்கிழமை கொளஞ்சி பஸ் ஏறப் போனான். 'ஒங்க அண்ணனே திங்கக்கிழமை போதும்னாரு'ன்னு நான்தான் வூட்டுக்குத் திருப்பி அனுப்பிட்டேன். லிஸ்டுல மொதப் பேரே அவன்தானாம். அவனும் வரலன்னு அடுத்தவனுக்கு எடம் போயிடுச்சு."

"அழாதேடா. ஒன் மேல தப்பில்ல" என்றேன்.

நான் அவனுக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான்.