குடிகார முகம்

“குடிதானே?”

எதிர் நாற்காலியில் இருந்தவனிடம் பழனியம்மாள் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டாள்.

அஸ்தம்பட்டியில் ஈரல் டாக்டருக்காகக் காத்திருக்கும் கூட்டம். அவன் ஒல்லியாக, கறுத்துப்போய், வலது விலாவைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்தே குடிகாரனைக் கண்டுபிடிப்பதில் சொந்த ஊர் ராசிபுரத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது பழனியம்மாளின் எண்ணம்.

“குடியாலதானுங்கம்மா” என்றான் அவன்.

“எத்தனை வருசமா?”

“நான் பள்ளிக்கூடம் போறப்ப இருந்தேங்க.”

பழனியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பாலாடையிலேயே புகட்டி வளர்த்தார்களோ என்னவோ!

அவனுக்குப் பக்கத்தில் அப்பா. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, முகத்தில் மாஸ்க். சாமி மாதிரி மனுசனுக்கு இப்படியொரு பிள்ளை.

“பேரென்ன?”

“பூபதிங்க. எருமப்பட்டி.”

“ஏஞ்சாமி பூபதி, ஊட்ல இருக்கற பொம்பளைங்க நெனப்பே வல்லியா?”

“அம்மாதானுங்க அழுது அழுதே ஓஞ்சு போச்சு.”

“மாடு கன்னு?”

“கட்டுத்தரையில இப்ப ஒண்ணும் இல்லீங்க. வித்த காசெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போயிருச்சு.”

அப்பா கந்தப்பன் தொண்டையைச் செருமினார். “உடுங்க அம்மிணி. நடந்தது நடந்து போச்சு.”

பழனியம்மாள் உருகிப்போனாள். “இத்தனைக்கு அப்புறமும் விட்டுக்கொடுக்காம பேசறீங்களே! உங்க பொறுமைக்குக் கோயிலே கட்டலாமுங்க.”

கந்தப்பன் கோயில் வேண்டாமென்று சொல்லவில்லை. “பெத்துட்டமுங்களே, உட்ற முடியுமா?” என்று பெருமூச்சு விட்டார்.

பூபதி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“எந்தம்பியும் உன்னையாட்டந்தான்” என்றாள் பழனியம்மாள். “வயிறு பானையாட்டம் வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளாகி, கடைசியில ரத்தமா வாந்தியெடுத்தான். ஒரே தம்பின்னு ஒரு வார்த்தை வையாம இருந்தேன். மண்ணுக்குள்ள போயிட்டான்.”

தம்பியைத் திட்டாமல் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்து, இப்போது அகப்பட்டவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“இனிமே அதைத் தொட்டீன்னா நேராச் சுடுகாடுதான், கேட்டுக்க! சுத்தி இருக்கறவங்க ரத்தத்தைக் குடிக்கறதும் அதைக் குடிக்கறதும் ஒண்ணுதான்!”

“நல்லாச் சொல்றீங்கம்மா” என்றான் பூபதி.

திருந்துகிற பிள்ளைதான் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“கந்தப்பன் ஐயா, உங்களுக்கு வெச்ச கல்லீரல் எப்படி இருக்குன்னு டாக்டர் அப்புறம் பாப்பாரு. கல்லீரல் குடுத்த உங்க பையன் மொதல்ல ஸ்கேனுக்கு வரட்டும்.”

பூபதி விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

பெரியவர் மாஸ்க்கைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சர்க்கரை வியாதி விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

பழனியம்மாள் பூபதியின் கையைப் பிடித்துக் கேட்டாள்: “நீ குடிச்சதே இல்லையா, சாமி?”

“இல்லீங்கம்மா.”

“அப்புறம் ஏங்கண்ணு, அத்தனை பேச்சையும் வாங்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தே?”

பூபதி குனிந்து மெல்லச் சொன்னான்.

“நேத்து அப்பா மறுபடியும் ஒரு பாட்டில் வாங்கியாந்து ஒளிச்சு வெச்சிருந்தாருங்க. நாங்க சொன்னா அவரு காதுல ஏறாது. நான் ஸ்கேன் எடுத்துட்டு வர்ற வரைக்கும், எனக்குச் சொன்னதையே அவரு பக்கம் திரும்பி இன்னொருக்காச் சொல்லுங்கம்மா.”