நடுவில் இருந்த ஸ்விட்ச்

தணிகைவேல் வேலை பார்த்த பேச்சு நகல் துறைக்கு, அவன் குடியிருந்த பேட்டையிலிருந்து மூன்று நாளாக ஒரு நகலும் வரவில்லை. பேட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ஸ்விட்ச் ஒவ்வொரு போன் பேச்சையும் நகலெடுத்து ஒழுங்காகத்தான் அனுப்பியது. தலைமை ஸ்விட்சும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. நடுவில் இருந்த ஸ்விட்சில்தான், நகல் போகும் பாதையைத் திறந்துவிட எந்தப் புண்ணியவானோ மறந்திருந்தான். தணிகைவேல் திறந்துவிட்டான்.

பழுது தீர்ந்ததற்கு அத்தாட்சியாக, முதலில் வந்து விழும் பேச்சை மேலதிகாரியும் கூட இருந்து கேட்க வேண்டும். மேலதிகாரி சபாபதி ஸ்பீக்கரைப் போட்டார்.

வந்தது தணிகைவேலின் மனைவி வேதவல்லியின் குரல்.

"பயப்படாம பேசுடா தம்பி. ஒட்டுக்கேக்குற லைன் செத்துக் கிடக்குதுன்னு மாமாவே காலையில இட்லி சாப்புடும்போது சொன்னாரு. சரி பண்ண இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். எங்கடா இருக்க?"

"வாலாஜா பக்கம்க்கா, ஒரு கோழிப்பண்ணையில" என்றான், இந்த ஒட்டுக்கேட்பை எதிர்த்து நோட்டீஸ் ஒட்டியதற்காக ஒரு வருடமாகப் போலீஸ் தேடும் மைத்துனன்.

சபாபதி ஊரைக் குறித்துக்கொண்டு தணிகைவேலின் தோளைத் தட்டினார்.

"பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேக்குதுய்யா. லைன் விஷயத்தை வெளிய சொன்ன அந்த மாமா யாருன்னும் நீயே கண்டுபிடிச்சுக் குடுத்துடு."